மரம் வைக்கக் கூடாத தோட்டம்

ஸ்காபரோ, கனடா
12.02.2023

என் அன்பு அமரா,

கடிதத்தைப் பிரித்ததும் நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதானே ஒரு மணித்தியாலம் வட்ஸ்அப்பில் கதைத்தோம், அதற்குள் இவளுக்கு என்ன பிடித்துவிட்டது என்று உன் மனுசனிடம் சொல்வாய். ஒன்றும் பிடிக்கவில்லை. போனில் கதைப்பது கதைத்த கையோடு மறந்துபோகிறது. உன் கையெழுத்தைக் கண்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்பில் என் சமயபாடக் கொப்பி முழுவதும் உன் எழுத்துத்தான். எனக்கு எண்பது புள்ளி போட்ட டீச்சர் கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே நீ எனக்கு எழுத வேண்டும். பெரிய கதை ஒன்றும் வேண்டாம். அந்த வளவில் என்ன நட்டிருக்கிறாய், என்ன காய்த்தது, யார் வந்தார்கள், இவ்வளவும் போதும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் கத்தரிக்காய் பார்க்கப் பளபளவென்று இருக்கும், சட்டியில் போட்டால் பஞ்சு. நீ எழுதுவதை வாசித்தாவது வாய் ஊறட்டும். மேலே திகதியும் ஊரும் போடு. கீழே முழுப்பெயர் எழுதிக் கையெழுத்து வை. பள்ளிக்கூடத்தில் பழக்கிய ஒழுங்கை விடக்கூடாது.

நிரஞ்சன் அண்ணா லண்டனிலிருந்து கிழமைக்கு ஒருமுறை காணிக் கதைதான். அந்த ஒரு ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார். அப்பாவுக்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. "அமரா குடும்பம் இருக்கிற வளவை நான் விக்க விடமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். நீ அதை நினைத்துக் கலங்காதே.

நிரோஜாவுக்கு ஏ.எல். சோதனை எப்போது? உன் மகளுக்கு என் முத்தங்கள்.

உன்
சுமி


கண்டாவளை
20.03.2023

அன்புள்ள சுமி,

தபால்காரர் படலையடியில் மூன்று தரம் மணி அடித்தார். கனடாக் கடிதம் என்றதும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்து, இவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். பிரித்துப் பார்த்தால் உனக்குக் கத்தரிக்காய்க் கதை வேண்டுமாம். "வேலையில்லாத அம்பட்டன் பூனையைச் சிரைச்ச கதை" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். நான் மூன்று தரம் வாசித்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, எழுத்து இப்போது முன்போல் இல்லை. பொறுத்துக்கொள்.

உன் காணியில் இன்றைய நிலவரம் இதுதான். கத்தரி இருபத்தாறு கன்று. வெண்டி இரண்டு பாத்தி. பயித்தை கிணற்றடிப் பந்தலில் ஏறிவிட்டது. பாகல், புடோல், பச்சை மிளகாய். குசினித் தண்ணீர் ஓடும் பக்கம் வல்லாரையும் பொன்னாங்காணியும். மயில் வந்து தளிரைக் கொத்தாமல் இருக்க என்னுடைய பழைய சேலைகள் எல்லாம் இப்போது வேலியில் நிற்கின்றன. கலியாணத்துக்குக் கட்டிய சிவப்புச் சேலை மிளகாய்ப் பாத்திக்குக் காவல்.

பன்னிரண்டாம் ஆண்டு சித்திரையில் நாங்கள் இங்கே வந்தபோது இருந்தது நாயுண்ணிப் பற்றையும், உங்கள் வீட்டின் அத்திவாரமும், தூர்ந்த கிணறும்தான். இவர் இருபது நாள் கிணற்றுக்குள் இறங்கித் தகரமும் ஓடும் தூக்கினார். உன் அப்பா போனில் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நீ இருந்து பார் பிள்ளை. என்ன வேணுமெண்டாலும் நடு. மரம் மட்டும் வைக்காதை." ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறத்தியார் காணியில் இருக்கிறவள் தென்னையோ மாவோ வைத்தால், நாளைக்கு அந்த மரத்தைக் காட்டிக் காணி கேட்பாள் என்று ஊரில் எல்லோரும் பயப்படுகிற பயம்தானே. வாழை ஒரு குலையோடு போய்விடும், அது பரவாயில்லை. பப்பாசியும் அப்படித்தான். ஆகவே உன் வளவில் நிழல் கிடையாது சுமி. வெயிலில் நின்றுதான் தண்ணீர் இறைக்கிறோம்.

போன வருடம் கடையில் சாமான் இல்லாமல் நாடே திண்டாடியபோது இந்தத் தோட்டம்தான் எங்களை வைத்திருந்தது. நிரோஜாவின் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். என் பிள்ளை விழவில்லை. இவருடைய சீனி வருத்தமும் பாதியாகக் குறைந்திருக்கிறது. கிளினிக்கில் டொக்டர், "என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டாராம். "மனிசி புடுங்கிறதைச் சாப்பிடுறன்" என்றாராம் இவர்.

விற்கிற கதையை நீ தடுத்தது பெரிய நிம்மதி. நிரோஜா படித்து ஒரு வழிக்கு வரும்வரை இந்த இடம் இருந்தால் போதும். வேறு போக்கிடம் எங்களுக்கு இல்லை என்பது உனக்குத் தெரியாததா.

புளியம்பொக்கணைக் கோயில் பொங்கலுக்கு உன் பெயரிலும் ஒரு பிடி அரிசி போடுவேன்.

அன்புடன்
வீரபாகு அமராவதி


ஸ்காபரோ
30.04.2023

என் அன்பு அமரா,

உன் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி என்ன என்று கேட்டாள். கலியாணச் சேலை மிளகாய்க்குக் காவல் நிற்கிற கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சில கதைகளுக்கு ஊர் வேண்டும்.

அப்பா சொன்னதை எழுதியிருந்தாய். அவருடைய குரலையே கேட்டதுபோல் இருந்தது. அண்ணாவுக்கும் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவர், "திரும்பவும் வாசி" என்றார். நீங்கள் எப்போது வந்தீர்கள், அப்பா என்ன சொல்லி விட்டார் என்பதை இன்னும் விரிவாக எழுதுவாயா? எங்களுக்கு அப்பா இருந்ததற்கு அங்கே அடையாளம் ஒன்றும் இல்லை, உன் ஞாபகம்தான் இருக்கிறது.

உடம்பு முன்போல் இல்லை அமரா. முழங்கால் குத்துகிறது. இரண்டு வேலை செய்கிறேன். பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். உன்னைப்போல் ஒரு பாத்தி வெண்டி போட்டுவிட்டு அதன் முன்னால் குந்தியிருக்க முடிந்தால் எவ்வளவு நல்லது என்று நினைப்பேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நினைப்பேன்.

உன்
சுமி


கண்டாவளை
02.06.2023

அன்புள்ள சுமி,

முழங்காலுக்கு நொச்சி இலையை அவித்து ஒத்தடம் கொடு என்று சொல்ல வாய் வந்தது. அங்கே நொச்சிக்கு எங்கே போவாய். சுடுதண்ணீரையாவது ஊற்று.

நீ கேட்டபடி உன் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். 2012 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை அவர் கனடாவிலிருந்து போன் எடுத்தார். அப்போது நாங்கள் இவருடைய தமையன் வீட்டுச் சுவரோடு இறக்கிய ஒத்தாப்பில் இருந்தோம். "வளவு காடு பத்திப் போகுது. நீ போய் இரு. வெட்டித் துப்புரவாக்கு. நாங்கள் வரேக்க பாப்பம்" என்றார். வாடகையும் கேட்கவில்லை, சம்பளமும் பேசவில்லை. என் அம்மா அவருடைய வயலில் முப்பது வருடம் நாற்று நட்டவள். அந்தப் பழக்கத்தில் சொன்னார், நானும் அந்தப் பழக்கத்தில் வந்தேன். இவ்வளவுதான் கதை.

இனி என் கதையைக் கேள். எனக்குப் பரிசு கிடைத்திருக்கிறது! பஞ்சம் வந்த பிறகு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி ஊர் ஊராக உத்தியோகத்தர்கள் வருகிறார்கள் அல்லவா. எங்கள் பிரிவில் நூற்றுப்பத்து வீட்டைப் பார்த்துவிட்டு என்னுடையதுதான் முதலாவது என்றார்கள். மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, சட்டகம் போட்ட சான்றிதழும் ஒரு தண்ணீர்ப் பூவாளியும் தந்தார்கள். பேசச் சொன்னார்கள். "மாட்டெருவும் சாம்பலும் வேப்பங்கொட்டைத் தண்ணியும் தவிர ஒண்டும் போடுறேல்லை. வேற வித்தை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்குக் கைதட்டு!

இப்போது ஊர்ப் பெண்கள் கன்று கேட்டும் யோசனை கேட்டும் வருகிறார்கள். மலைநாட்டிலிருந்து வந்த தோட்டக்காட்டாரின் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருக்க மறுத்த இரண்டு பேரும் வந்தார்கள். உனக்கு அவர்கள் யாரென்று தெரியும். நீதான் அன்றைக்கு உன் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தவள். அதை நான் மறக்கமாட்டேன்.

பரிசோடு ஆளுக்கு ஒரு தென்னம்பிள்ளையும் தந்தார்கள். அதை நான் பக்கத்து வீட்டுப் பிரேமிளாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சொந்தக் காணி.

சான்றிதழின் படம் இதற்குள் வைத்திருக்கிறேன். நிரோஜா எடுத்தது. என் முகம் தெரிகிறதோ இல்லையோ பூவாளி நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்
வீரபாகு அமராவதி


ஸ்காபரோ
15.07.2023

அன்பு அமரா,

வாழ்த்துகள். படம் நன்றாக இருக்கிறது.

ஒரு சின்ன விசயம். சான்றிதழில் "தோட்ட உரிமையாளர்: வீ. அமராவதி" என்று இருக்கிறது. முகவரிக்கு எங்கள் வளவின் இலக்கம் போட்டிருக்கிறார்கள். அண்ணா அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். படத்தில் கிணற்றுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது, அது என்ன மரம், எப்போது வைத்தது என்றும் கேட்கிறார். அவருடைய மனது ஆறுவதற்காகத்தான் கேட்கிறேன், நீ தவறாக எடுக்காதே. ஒரு கடிதம் போடு. போனில் வேண்டாம், கடிதமாகவே போடு.

சுமி


கண்டாவளை
20.08.2023

அன்புள்ள சுமி,

கிணற்றுக்குப் பின்னால் நின்றது முருங்கை. அதை நான் வைக்கவில்லை. பயித்தைப் பந்தலுக்குக் காலாக நட்ட தடி அது. முருங்கைக்கு மானம் ரோசம் ஏது, வெட்டி எங்கே குத்தினாலும் துளிர்க்கும். இரண்டு வருடத்தில் மரமாகிவிட்டது. இவருக்கு நாள் தவறாமல் அதன் இலையில்தான் வறை. நின்றது என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? உன் கடிதம் வந்த மறுநாள் வெட்டிவிட்டேன். வெட்ட வேண்டாம் என்று நிரோஜா கத்தினாள். அண்ணாவிடம் சொல், இப்போது அங்கே வெயில்தான் நிற்கிறது.

சான்றிதழை எடுத்துக்கொண்டு உத்தியோகத்தரிடமும் போனேன். பெயரை மாற்றித் தாருங்கள் என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தாள். "அக்கா, தோட்டம் செய்தது நீங்கள்தானே? காணி ஆரின்ரையெண்டு நாங்கள் எழுதேல்லையே" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அண்ணாவின் மனது ஆறுவதற்காக எழுதுகிறேன். இந்தக் காணி சுமித்திராவினதும் நிரஞ்சன் அண்ணாவினதும். நாங்கள் அவர்கள் விட்டபடியால் இருக்கிறோம். போதுமா?

உனக்குக் கோபித்து எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான். நீ "சின்ன விசயம்" என்று தொடங்கினாய் பார், அந்த இடத்தில்தான் கோபம்.

வறட்சி கடுமை. கிணறு அடியைத் தொட்டுவிட்டது. கத்தரியை மட்டும் காப்பாற்றுகிறேன்.

வீரபாகு அமராவதி


கண்டாவளை
05.11.2023

சுமி,

உன் பதில் வரவில்லை. ஆள் வந்தார்.

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்யும் கிளாக்கர் தம்பி. வெள்ளிக்கிழமை மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தார். நனைந்துபோயிருந்தார், பாவம். கதிரை போட்டுத் துவாய் கொடுத்துப் பிளேன்ரீ கொடுத்தேன். போகும்போது கொண்டுபோங்கோ என்று வெண்டிக்காயும் பிடுங்கி வைத்தேன். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தார்.

உள்ளே என்னுடைய கடிதங்கள் இருந்தன. போட்டோக் கொப்பி. மூன்றும் வரிசையாக, திகதிப்படி. அங்கங்கே மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தது. "உன் காணியில்" என்ற இடத்தில் கோடு. "மரம் மட்டும் வைக்காதை" என்ற இடத்தில் கோடு. "அவர்கள் விட்டபடியால் இருக்கிறோம்" என்பதற்கு இரண்டு கோடு. கிளாக்கர் தம்பி தான் தேடிய வரியைப் பிடிப்பதற்காக இடையில் இருந்ததையும் வாய்விட்டு வாசித்தார். இவருடைய சீனி வருத்தத்தை வாசித்தார். இவர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மயங்கி விழாத என் பிள்ளையையும் வாசித்தார். அதற்கெல்லாம் மஞ்சள் கோடு இல்லை.

நான் கேட்டேன், "ஏன் தம்பி இதெல்லாம்?" அவர் நல்ல பிள்ளை, மறைக்கத் தெரியவில்லை. "பத்து வருசத்துக்கு மேல இருந்தா காணிக்கு ஆட்சி உரிமை கேக்கலாம் எண்டு சட்டம் இருக்கு அக்கா. நீங்கள் அனுமதியிலதான் இருக்கிறீங்கள் எண்டதுக்கு உங்கட கையெழுத்தில அத்தாட்சி வேணும். அதுக்குத்தான் கடிதம் எடுக்கச் சொன்னனாங்கள், மாசி மாசமே" என்றார்.

மாசி மாதம். உன் முதல் கடிதத்தின் திகதி இரண்டாம் மாதம் பன்னிரண்டு.

பிறகு ஒரு தாளை நீட்டி ஒப்பம் வைக்கச் சொன்னார். நிரோஜா வாங்கி வாசித்தாள். "மேற்படி அமராவதி என்பவர் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட காவற்காரர். காணியில் உள்ள பயிர்கள் யாவும் காணிச் சொந்தக்காரரின் செலவில் செய்விக்கப்பட்டவை. கேட்கும்போது முப்பது நாளில் வெளியேறுவார்." வாசித்து முடித்துவிட்டு என் பிள்ளை கேட்டாள், "அம்மா, உங்களுக்குச் சம்பளம் தந்தவையோ?"

நான் ஒப்பம் வைக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். வெண்டிக்காயை அவர் மறக்காமல் கொண்டுபோனார்.

போனில் எடுக்காதே. எடுத்தால் நான் அழுவேன், நீயும் அழுவாய், அதோடு எல்லாம் சரியென்று ஆகிவிடும். எனக்கு எழுத்தில் சொல்லு. முதல் கடிதத்தை நீயாக எழுதினாயா?

அமராவதி


ஸ்காபரோ
10.12.2023

என் அமரா,

நானாக எழுதவில்லை. அண்ணா எழுதச் சொன்னார். "போன் கதை கோர்ட்டில செல்லாது. அவளின்ர கையெழுத்தில வேணும்" என்றார். திகதியும் முழுப்பெயரும் போடச் சொல்லு என்றதும் அவர்தான். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. நீ நேரே நின்று கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திராது.

ஆனால் எல்லாமே பொய்யில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்று நான் எதற்காகக் கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அடுத்தது எப்போது வரும் என்று தபால் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினேன். அண்ணாவுக்கு அனுப்பியது கொப்பிதான். உன் எழுத்து என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இதை நம்பு என்று கேட்க எனக்கு முகமில்லை.

அண்ணாவின் பக்கத்தையும் கொஞ்சம் யோசி. இங்கே ஒவ்வொரு கலியாண வீட்டிலும் இதே கதைதான். பார்க்க விட்டவன் காணியைப் பிடித்துக்கொண்டான், வழக்குப் பத்து வருடம் போகிறது என்று. அவருக்குப் பயம். அமரா அப்படியானவள் இல்லை என்று ஆயிரம் தரம் சொன்னேன். "அப்ப ஒப்பம் வைக்கிறதில அவளுக்கு என்ன?" என்கிறார்.

அந்தத் தாளில் இருப்பது சட்டத்தரணியின் பாசை. சம்பளம், செலவு என்பதெல்லாம் அவர்கள் எல்லாத் தாளிலும் போடுகிற வரிகள். யார் அதைப் பார்க்கப்போகிறார்கள். நீ ஒப்பம் வைத்துவிடு. நிரோஜாவின் சோதனை முடியும்வரை ஒருவரும் உங்களை எழுப்பமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. பிறகும் ஏதாவது ஒரு ஒழுங்கு செய்வோம். நாங்கள் உன்னை ஒருநாளும் வேலைக்காரியாக நினைத்ததில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே வைத்திருந்தோம்.

என்னோடு கோபித்தாலும் எழுதாமல் விடாதே.

உன்
சுமி


கண்டாவளை
28.01.2024

அன்புள்ள சுமி,

உன் கடிதம் தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முதல் வந்தது. பொங்கி முடியும்வரை பிரிக்கவில்லை.

நீ மறைக்காமல் எழுதினாய். அது எனக்குப் பெரிது. தலையணைக் கதையையும் நான் நம்புகிறேன். நீ அப்படியானவள்தான். என் பக்கத்தில் வந்து இருந்தவளும் நீதான், வீட்டில் ஏன் என்று கேட்டதும் நாலு நாள் தள்ளி இருந்தவளும் நீதான். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாய். அந்த நாலு நாளை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது நான் சொல்வதை ஆறுதலாக வாசி.

போன மாசியில் நீ போனில் எடுத்து, "அமரா, அண்ணா பயப்படுறார், ஒரு தாளில எழுதித் தா" என்று கேட்டிருந்தால், நான் நிரோஜாவின் கொப்பியில் ஒற்றைத் தாள் கிழித்து அன்றைக்கே எழுதித் தந்திருப்பேன். "உன் காணி" என்று என் கடிதங்களில் எழுதியது யாரும் கேட்டு அல்ல. என் மனதில் அது அப்படித்தான் இருந்தது. 2013இல் வீட்டுத்திட்டம் வந்தபோது, "காணி ஆரின்ர?" என்று கேட்டார்கள். "பரமலிங்கம் ஐயாவின்ர" என்று உன் அப்பாவின் பெயரைச் சொன்னேன். என் பெயரை வெட்டிவிட்டார்கள். என்னுடையது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்குக் கல்வீட்டில் இருந்திருப்போம். தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டாவது வருடம் ஓடுகிறது. இதை நான் உனக்கு அப்போது சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று.

அந்தத் தாளைப் பற்றி நானும் இவரும் இருந்து பேசினோம். இவர், "வைச்சுவிடு. சண்டை வேண்டாம். வேற எங்கையாவது போவம்" என்றார். என் ஐயாவும் இதைத்தான் சொல்வார். தேயிலைத் தோட்டத்தில் அடித்துக் கலைத்தபோது எழும்பு என்றார்கள், எழும்பினார். வவுனியாவில் எழும்பு என்றார்கள், எழும்பினார். இங்கே வந்து மற்றவர்களின் வயலைக் கொத்திக்கொண்டே செத்தார், அவரைப் புதைத்த இடமும் யாரோ ஒருவருடையது. எழும்பிப் போகத் தெரிந்தவர்களை எல்லோருக்கும் பிடிக்கும்.

நான் ஒப்பம் வைக்கமாட்டேன்.

சம்பளம் வாங்கினேன் என்பது பொய். ஒரு சதம் வாங்கவில்லை. பயிர்கள் உங்கள் செலவில் செய்தவை என்பது அதைவிடப் பெரிய பொய். நாயுண்ணி வெட்டியது என் கை. கிணறு தோண்டியது இவருடைய முதுகு. பஞ்சத்தில் ஊர் பட்டினி கிடந்தபோது என் பிள்ளையை நிமிர்ந்து நிற்க வைத்தது அந்தத் தோட்டம். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நிரோஜா பார்த்துவிட்டாள்.

கிளாக்கர் தம்பி சொல்லும்வரை பத்து வருடச் சட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நானும் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் போய்க் கண்டேன். என் கடிதங்கள் உங்கள் கையில் இருப்பதால் வழக்குக் கடினம், தோற்கவும் கூடும் என்று நேராகவே சொன்னார். தோற்றால் கோர்ட்டு எழுப்பட்டும். நானாக எழும்பமாட்டேன். எனவே திகதி போட்டு, முழுப்பெயர் எழுதி, நீ கேட்ட ஒழுங்கின்படியே இதையும் எழுதுகிறேன். இந்த வளவில் இன்றிலிருந்து நான் யாருடைய தயவிலும் இருக்கவில்லை. இது நான் வெட்டித் திருத்திய இடம். இது எனக்கு வேண்டும். இந்தக் கடிதத்தையும் கொப்பி எடுத்து அண்ணாவுக்கு அனுப்பு. அவர் எல்லா வரிக்கும் மஞ்சள் கோடு போடட்டும்.

நேற்றுக் கிணற்றடியில் மூன்று தென்னம்பிள்ளை வைத்தோம். ஒரு மாவும் வைத்தோம். இவர் பயந்து பயந்துதான் குழி வெட்டினார்.

நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதை நானே செய்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். நல்லவள் என்று ஊரில் எடுத்த பெயரும் இதோடு போகும். பெயரைச் சட்டியில் போட்டு அவிக்க முடியாது.

உன்னோடு கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய், எழுதவில்லை. ஆனால் உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போகாது. முழங்காலைக் கவனி. இரண்டு வேலையில் ஒன்றை விடு. எப்போதாவது ஊருக்கு வந்தால் வேறு வீட்டுக்குப் போகாதே, நேரே இங்கே வா. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, புடோலங்காய் வறுத்து, உனக்குச் சோறு போடுவேன். வயிறு நிறையச் சாப்பிடு, பாயில் படு, விடியும்வரை கதைப்போம்.

காணி தரமாட்டேன்.

வீரபாகு அமராவதி